வேண்டாத வார்த்தைகள்

விடிந்தும் விடியாத நேரத்தில், பல்கூடத் தேய்க்காமல், ஊரார் நேற்று என்னவெல்லாம் தேடினார்கள் என்று படித்துக்கொண்டிருக்கிறார் என் தங்கையின் கணவர். மடிக்கணினியின் வெளிச்சம் அவர் முகத்தில் மட்டும் விழுகிறது. அறையின் மற்ற பாகமெல்லாம் இன்னும் தூக்கத்தில் இருக்கிறது. "முதுகு வலிக்காத மெத்தை," என்று மெல்ல வாசிக்கிறார். "மாமியாருக்குத் தெரியாம சோபா மாத்தறது எப்படி." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்கிறார். மாடியில் குடியிருக்கும் நான் காபிக்காகக் கீழே இறங்கி வந்தால், "ஊரே தூக்கத்துல பேசற மாதிரி இருக்கு மச்சான்" என்கிறார்.

தேடுபொறியில் எதையாவது தட்டினால், முதல் வரியிலேயே 'விளம்பரம்' என்ற பொடி எழுத்தோடு ஒரு கடை வந்து நிற்குமே, அதை அங்கே நிறுத்துவதுதான் மாப்பிள்ளையின் பிழைப்பு. யார் எதைத் தேடியபோது அது தெரிந்தது என்ற அறிக்கை அவர் திரையில் வரி வரியாக ஏறிக்கொண்டிருக்கும். அதன்மேல் விரல் பட்டால் கடைக்காரருக்குச் செலவு. சும்மா வேடிக்கை பார்க்கிறவர் விரல் பட்டாலும் செலவுதான். அதனாலேயே இந்த மனிதர் தன் போனில் ஒரு விளம்பரத்தையும் தொடமாட்டார். செருப்பு வாங்குவதானாலும் விளம்பரத்தைத் தாண்டிக் கீழே இறங்கி, அதே கடையைச் சுற்றுவழியில் கண்டுபிடித்துத்தான் உள்ளே போவார். "அங்க யாரோ ஒருத்தர் பில்லைப் பாத்து நெஞ்சைப் பிடிச்சுக்குவாரு, பாவம்" என்பார். தங்கை தலையில் அடித்துக்கொள்வாள்.

அவருடைய பெரிய சொத்து ஒரு பட்டியல். எந்தெந்த வார்த்தை வந்தால் விளம்பரம் தலைகாட்டக் கூடாது என்று ஒன்பது வருடமாகச் சேர்த்தது. இலவசம், பழைய, வாடகை, ரிப்பேர், படம் வரைவது எப்படி. ஒரு வார்த்தை கூடினால் அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டு திரிவார். "வெட்டிக் கூட்டத்தை அண்ட விடாது மச்சான்" என்று ஒரு தடவை எனக்கே முழுப் பட்டியலையும் படித்துக் காட்டினார். நான் பாதியில் தூங்கிவிட்டேன்.

பிறகு மந்தம் வந்தது. வியாபாரம் படுத்தால் கடைக்காரர்கள் முதலில் கை வைப்பது விளம்பரத்தில்தான். மாப்பிள்ளையின் ஆபீசில் பதினான்கு பேர் நான்கு பேரானார்கள். மேசை நாற்காலியை விற்றுவிட்டு, இருக்கிறவர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். பயண நிறுவனம் போயிற்று, உடற்பயிற்சிக் கூடம் போயிற்று. அவர் கையில் மிஞ்சியது ஒரே ஒரு பர்னிச்சர் கடை. அதுவும் மாதக் கடைசியோடு விளம்பரத்தை நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டது. அது போனால் உமக்கும் வேலை இல்லை என்று மேனேஜர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

காலையில் வாசிக்கக் கிடைக்கும் வரிகள் நாளுக்கு நாள் குறைந்தன. "ஊர் பேசறதையே நிறுத்திடுச்சு மச்சான். யாருக்கும் எதுவும் வேணாம் போலிருக்கு." வெறும் திரையைப் பார்த்தபடி, பஸ்ஸைத் தவறவிட்டவர் போல உட்கார்ந்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோபாவில் சாய்ந்த தங்கையை ஸ்பிரிங் ஒன்று குத்தியது. போனை எடுத்து ஏதோ தட்டினாள்.

"ஏங்க, சோபா ரிப்பேர்னு போட்டா உங்க கடை வரவே இல்லையே?"

"வராது. அந்த வார்த்தையை நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்." குரலில் பெருமை.

"நல்லா நிறுத்தினீங்க போங்க! இப்ப எவ புதுசு வாங்கறா? எங்க ஆபீஸ்ல அத்தனை பேரும் இதைத்தான் தேடறாங்க."

மாப்பிள்ளையின் வாய்க்குப் போன டம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது. தடுத்த வார்த்தையோடு வருகிறவர்கள், தடுத்தவருடைய அறிக்கையிலும் வரமாட்டார்கள். இத்தனை மாதமும் ஊர் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இவர்தான் தன் காதைத் தானே பொத்திக்கொண்டிருந்திருக்கிறார். பர்னிச்சர் கடையின் பின்பக்கப் பட்டறையிலோ, ரிப்பேர் பார்க்கத் தெரிந்த இரண்டு தச்சர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"கமுக்கமா பட்டியலைத் திருத்திடுங்க மாப்பிள்ளை. புது யோசனைன்னு சொல்லி நல்ல பேரும் வாங்கிக்கலாம்" என்றேன் நான். என் புத்தி அவ்வளவுதான். அவர் ஸ்பீக்கரில் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, ஆளே வரலைன்னு சொன்னீங்கல்ல? வந்தாங்கண்ணே. நான்தான் வரவிடாம பண்ணிட்டேன்." ஒன்றுவிடாமல் சொன்னார்.

மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே கடைக்காரர் குரல் உயர்ந்தது.

"உன்னை நம்பித்தானேய்யா விட்டேன்?"

"ஆமாண்ணே."

"உள்ள ரெண்டு பேரு கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கானுங்க. அவனுங்களை அனுப்பிடலாம்னு இருந்தேன்." பெருமூச்சு. "சரி. புதன்கிழமை வரைக்கும் பாப்போம். ஒருத்தர்கூட வரலைன்னா, அப்புறம் எனக்குப் போன் பண்ணாதே."

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை பட்டியலிலிருந்து வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ரிப்பேர், பழைய, கிழிந்த, உடைந்த. திங்கள் ஒன்றுமில்லை. செவ்வாயும் இல்லை. சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போனார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

புதன்கிழமை முன்பகலில் தூறல். ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. அறையே எங்கோ மிதந்து போகிற மாதிரி இருந்தது. நான் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். திரையில் ஒரே ஒரு வரி ஏறியது. யாரோ தேடுபொறிக்கு மனுப்போட்டிருந்தார்கள்: 'கட்டில் கால் ஒடிஞ்சிடுச்சு புதுசு வாங்க வழியில்லை சரி பண்ணி தருவீங்களா.' பக்கத்திலேயே, விளம்பரத்தைத் தொட்டுக் கடைக்குள் வந்துவிட்டார் என்பதற்கான குறி.

மாப்பிள்ளை அவசரமாகத் தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றார். "வாங்க வாங்க" என்றார், திரையைப் பார்த்து.