வாகைக் கிளை இருந்த இடம்

றிஷானா கோபத்தில் கத்துகிறவள் அல்ல. கமராப் பையின் சிப்பை இழுத்துத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். அன்று காலை ஓர்ஸ் ஹில் பூங்காவுக்குள் நுழைந்து பத்தடி வைத்ததும் அந்தச் சிப் கையோடு கழன்று வந்துவிட்டது.

கிண்ணியாவில் பிறந்து திருகோணமலை டவுனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கலியாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குள் ஆண் படக்காரர் போக ஏலாது, அங்கே றிஷானாதான். வேலை முடிந்ததும் மணமகளின் உம்மாவைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, ஒவ்வொரு படமாகக் காட்டி, வேண்டாம் என்றதை அவர் கண் முன்னாலேயே அழிப்பாள். மிச்சத்தை அல்பத்தோடு கையில் கொடுத்துவிடுவாள். பதினொரு வருடம் உழைத்தும், ஊருக்குக் காட்ட ஒரு முகம்கூட அவளிடம் கிடையாது.

அதனால் அவள் காட்டியதெல்லாம் இந்தப் பூங்காவைத்தான். பேஸ்புக்கில் அவளுடைய பக்கம் முழுக்க இலை, நிழல், யாரும் இருக்காமல் மழையில் நனைந்த வாங்கு, பூவைத் தின்று விட்டுத் திருட்டுமுழி முழிக்கும் புள்ளிமான். "ஒரு இலையில விழுற வெளிச்சத்தையே இப்பிடிப் பாத்தவ, எங்கட புள்ளய எப்பிடிப் பாப்பா" என்று சொல்லித்தான் உம்மாமார் அவளைத் தேடி வந்தார்கள்.

அந்தப் படங்களில் ஒன்றை ஊரே பகிர்ந்தது. கரையோரத்து வாகை மரத்தின் தாழ்ந்த கிளை, அதற்குக் கீழே ஒரு சாண் அகலத்தில் உள்துறைமுகத்துத் தண்ணீர், தண்ணீரில் விடியல். வேறொன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு சாணுக்காக அவள் நாலு மாதம் ஈரப் புல்லில் முழங்கால் குத்தியிருந்தாள்.

முந்தின நாள் ஜெமீல் ஹாஜியார் போன் எடுத்திருந்தார். டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், பூங்கா அழகுபடுத்தும் குழுவின் தலைவர். அவருடைய மகள் ஆதிலாவுக்கு வரப்போகும் கலியாணத்துக்கும் அவள்தான் படக்காரி. "அந்த வாகை மரப் படத்திட ஒரிஜினலக் கொண்டு வாங்க தங்கச்சி. பெரிய போர்டா அடிச்சுப் பூங்காவிலயே வைக்கப் போறம்." வேறு கலியாண வேலைகளில் மூன்று கிழமையாய் அவள் அந்தப் பக்கம் வந்திருக்கவில்லை. படம் இருந்த பென்டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து, பெருநாளைக்குப் போகிறவள் மாதிரி வந்தாள்.

வந்து பார்த்தால், கிளை இல்லை. வெட்டிய இடம் அழுது முகம் கழுவாத கண் மாதிரி ஈரமாய் அவளைப் பார்த்தது. கிளை மறைத்து வைத்திருந்ததெல்லாம் இப்போது வெளியே நின்றது: துருவேறிய இரண்டு எண்ணெய்த் தாங்கி, ஒரு தகரக் கொட்டில், முள்ளுக்கம்பி வேலி. அதற்கு முன்னால், வெறுமையாய், போர்டுக்கான பன்னிரண்டடி இரும்புச் சட்டம்.

"ஆர் வெட்டச் சொன்ன?"

காவலாளி கனகசுந்தரம் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார். "குழுக்காரர்தான். நான் சொன்னனான் பிள்ளை, வெட்டாதேங்கோ எண்டு. உங்கட படத்தில கடல் வடிவா இருக்காம், இந்தக் கொப்பு அதை மறைக்குதாம். கொப்பு விழுந்தாப் பிறகுதான் தாங்கி தெரிஞ்சுது. இப்ப தாங்கியை மறைக்க உங்கட படம் வேணுமாம். கண்ணை வித்துச் சித்திரம் வாங்கின கதை."

ஹாஜியார் வெள்ளைச் சேட்டு உடுத்தியவராய் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கினார். "ஆ, வந்திட்டீங்களா? கொண்டந்தீங்கதானே?"

"ஹாஜியார், அந்தக் கொப்புத்தான் படம்."

"என்ன புள்ள கதைக்கிறீங்க? கடல்தானே படம்?"

"கடல் எல்லா இடத்திலயும் கிடக்கு. அத ஆரும் எடுக்கலாம்."

"ஒரு கொப்புதானே? ரெண்டு மழையோட தழைச்சிரும். அதுவரைக்கும் போர்டு நிக்கட்டும். உங்கட பேரையும் போடுவம், பெரிசா."

"மரத்தை வெட்டின இடத்தில, மரத்திட படத்தில, என்ட பேரு?" பென்டிரைவ் முடிந்த கைக்குட்டையைப் பைக்குள் திணித்தாள். "நான் தர மாட்டேன்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "ஆதிலாட கலியாணத்துக்கு வேற ஆளும் கிடைக்கும், தெரியும்தானே. பொறகு மத்த வீட்டாக்களும் யோசிப்பாங்க."

கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும். ஆனால் அவர் ஒரு சொல் சொன்னால் பத்து வீட்டுக் கதவு சாத்தும் என்பதும் தெரியும். அவள் பையைத் திறந்தாள். பென்டிரைவ்தான் வருகிறது என்று அவர் கையை நீட்டினார். வந்தது கமரா. பழைய இடத்தில் முழங்கால் குத்தினாள். வெட்டுவாய், தாங்கி, வேலி, நடுவே நீட்டிய கை. அமுக்கினாள்.

"இதைப் போடுங்க, போர்டில. இது இப்ப எடுத்த ஒரிஜினல்."

"அழி அத!"

"முகம் விழல்ல, ஹாஜியார்." திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "கை மட்டுந்தான். முகத்துக்குத்தான் நான் அழிக்கிற."

அன்று பகலே அந்தப் படத்தைத் தன் பேஸ்புக் பக்கத்தில் போட்டாள். பழைய படத்துக்குக் கீழே, ஒரு சொல்லும் எழுதாமல். பின்னேரம் ஆதிலாவின் உம்மா போன் எடுத்து, "நீங்க படமெடுக்க அவர் ஒத்துக்கொள்றாரில்ல மகள், நான் என்ன செய்ய" என்று அழுதார். அந்த மாதம் இன்னும் இரண்டு வீடு கைவிட்டுப் போனது. றிஷானா சமாதானம் ஆகவில்லை. கமராப் பையில் புதிது புதிதாய்ச் சிப் தைத்தாள், ஒவ்வொன்றும் பிய்ந்தது.

குழுவினர் வேறு படம் தேடினார்கள். பழைய படத்தைப் பார்த்த கண்ணுக்கு எதுவும் பிடிக்கவில்லை. சட்டம் வெறுமையாகவே நிற்கிறது.

"பிள்ளை, ஆக்கள் இப்ப அந்தச் சட்டத்துக்குள்ள நிண்டு செல்பி எடுக்கினம்," என்றார் கனகசுந்தரம்.

"எடுக்கட்டும். பின்னால என்ன நிக்குதெண்டு வீட்டுக்குப் போய்ப் பாக்கட்டும்."

சொல்லிவிட்டு ஈரப் புல்லில் முழங்கால் குத்தினாள். வெட்டுவாயின் ஓரத்தில் தளிர் ஏதும் இல்லை. இல்லாததைப் படம் எடுத்தாள்.