முதல் வரிசையில் ஏழு பேர்

கங்கப்பனுக்கு ஆண்டில் பதினொரு மாதம்தான் வேலை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் கனரக வாகனங்களுக்கான பிரேக் பாகங்களைப் பூட்டும் எங்கள் ஆலையில், ஒப்பந்தத் தொழிலாளர் எவரும் இடையறாது ஓராண்டு பணியாற்றினார் என்று ஆகிவிடக் கூடாது; ஆனால் நிரந்தரப் பணி கேட்கும் உரிமை வந்துவிடும். ஆகவே ஜனவரி பத்தாம் நாள் அவரை அனுப்பிவிடுவார்கள். பிப்ரவரி பத்தாம் நாள் புதிய ஆள்போல மீண்டும் சேர்த்துக்கொள்வார்கள். ஒன்பது ஆண்டுகள் இவ்வாறே நடந்தது.

அந்த ஒரு மாதத்தை அவர் கெலமங்கலத்தை அடுத்த தம் ஊரில், சென்னகிருஷ்ணன் என்ற நிலக்கிழாரின் பசுமைக்குடிலில் ரோஜா வெட்டிக் கழிப்பார். காதலர் தினத்துக்காக வெளிநாடு செல்லும் பூக்கள். ஜனவரியில் எத்தனை ஆள் வந்தாலும் போதாது. கங்கப்பனின் தந்தை அந்தக் குடும்பத்தின் நிலத்திலேயே நாற்பது ஆண்டுகள் உழைத்து இறந்தவர். மகன் டிப்ளமா முடித்துக் கணினி வலையமைப்பு வேலைக்குப் போனதும் அந்தத் தொடர்பு அற்றுப்போயிருக்க வேண்டும். அறவில்லை. ஆண்டுதோறும் சென்னகிருஷ்ணன் ஒரே விதமாகத்தான் வரவேற்பாராம்.

“என்ன கங்கா, கம்ப்யூட்டர் கம்பெனில வெரட்டி உட்டாங்களா? கத்திரி அங்க இருக்குது, எடுத்துக்க.”

“ஒரு மாசந்தாங்க.”

“அதத்தான் வருசா வருசம் சொல்ற.”

பத்தாவது முறையாக அந்தக் கத்திரியை எடுக்கக் கூடாது என்பதே முப்பத்தாறு வயதில் கங்கப்பனுக்கு இருந்த ஒரே குறிக்கோள். அதற்கு நிரந்தரப் பணி ஒன்றே வழி.

நான் அந்த ஆலையில் பராமரிப்புப் பிரிவின் தலைவனாக இருந்து, சென்ற மார்ச்சில் ஓய்வு பெற்றவன். கங்கப்பன் செய்து காட்டிய வேலையை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் அதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

எங்கள் பொருத்துதளத்தில் நட்டு இறுக்கும் கருவிகள் பதினான்கு உண்டு. தொழிலாளர்கள் அவற்றைக் ‘கன்’ என்பார்கள். ஒவ்வொரு நட்டும் எவ்வளவு விசையில் இறுக்கப்பட்டது என்ற தகவலைக் கன் உடனே சர்வர் என்னும் மையக் கணினிக்கு அனுப்பும். மூன்று நொடிக்குள் சர்வரிடமிருந்து ஒப்புதல் வராவிட்டால் கன் தானாகப் பூட்டிக்கொள்ளும். அடுத்த நட்டை இறுக்காது. தகவல் போவதற்கு இடையில் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குச் சுவிட்ச் என்று பெயர். நாற்பத்தெட்டு துளைகளில் நாற்பத்தெட்டு கேபிள்கள் வந்து செருகியிருக்கும். பதினான்கு கன்கள், பதினாறு கேமராக்கள், மேல்தளத்தில் உள்ள பிரிவுத் தலைவர்களின் அறைகள், தொலைபேசிகள். இத்தனைக்கும் சர்வர் அறைக்குப் போக இருந்தது ஒரே ஒரு பழைய கேபிள். அதன் கொள்ளளவு நொடிக்கு நூறு மெகாபிட்.

அவர் ஒன்பதாம் முறை திரும்பி வந்த ஆண்டு, நாளுக்கு மூன்று முறையாவது கன்கள் பூட்டிக்கொண்டன. கன் விற்றவரைத் திட்டினோம், மின்சாரத்தைத் திட்டினோம். கங்கப்பன் மட்டும் இரண்டு வாரம் ஒரு சிறு நோட்டுடன் அந்தப் பெட்டியின் முன் அமர்ந்து, எந்த நேரத்தில் எந்தத் துளையில் எவ்வளவு தகவல் போகிறது என்று எழுதினார். கேமராக்களின் படங்கள் பெருகும்போதெல்லாம் கன்களின் தகவல் காத்துக் கிடக்கிறது என்று கண்டறிந்தார். பிறகு சுவிட்சுக்குள் நான்கு வரிசைகளை அமைத்தார். முதல் வரிசை கன்களுக்கு, இரண்டாவது தொலைபேசிக்கு, மூன்றாவது அறைகளுக்கு, கடைசி வரிசை கேமராக்களுக்கு. ஒவ்வொரு கேமராவும் நொடிக்கு இரண்டு மெகாபிட்டுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று வரம்பும் வைத்தார்.

“மொத வரிசைல ஆள் இருக்கற வரைக்கும் அடுத்த வரிசை நகராது சார்,” என்று எனக்கு விளக்கினார். “அதனால மொத வரிசைல கொஞ்சமாத்தான் இருக்கணும். எல்லாரையும் மொதல்ல உட்டா, வரிசையே போட வேணாம்.”

நான்கு மாதம் ஒரு கன்கூடப் பூட்டிக்கொள்ளவில்லை.

ஆலை மேலாளர் திருமலை மகிழ்ந்து, ஒரு நிரந்தர இடத்துக்குக் கங்கப்பனின் பெயரை அனுப்பச் சம்மதித்தார். நிபந்தனைகள் இரண்டு. அவரும் ஆறு பிரிவுத் தலைவர்களுமாக ஏழு பேர் பரிந்துரைத் தாளில் கையெழுத்திட வேண்டும். டிசம்பரில் வாடிக்கையாளர் நிறுவனம் ஆலையைப் பார்வையிட்டுச் செய்யும் தணிக்கை தடங்கலின்றி முடிய வேண்டும்.

முதல் கையெழுத்து திருமலையினுடையது. பேனாவைத் திறந்தவர், சற்று நிறுத்தினார்.

“தலைமை ஆபீஸ் வீடியோ மீட்டிங்ல என் மூஞ்சி அப்படியே உறைஞ்சு நிக்குதுப்பா. சேர்மன் சிரிக்கிறார். என் ரூமை எத்தனாவது வரிசைல வெச்சிருக்க?”

“மூணாவது சார்.”

“மூணாவதா?” அவர் கோபப்படவில்லை, வியப்படைந்தார். “மேனேஜர் ரூமாச்சேப்பா.”

கங்கப்பன் அன்று மாலையே அதை முதல் வரிசைக்கு மாற்றினார். ஒரே ஓர் அறை; பெரிய பாதிப்பு இல்லை.

எங்கள் ஆலையில் கார் நிறுத்தும் கொட்டகையில்கூட நிழல் விழும் இடம் பதவிப்படிதான். கேண்டீனில் யாருக்கு எவர்சில்வர் டம்ளர், யாருக்குப் பீங்கான் கோப்பை என்பதும் அப்படியே. சுவிட்சுக்குள் வரிசை இருக்கிறது என்ற செய்தி மேல்தளத்தில் பரவ இரண்டு நாளே ஆயிற்று. பணியாளர் பிரிவின் மேகலா தாளை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டு, “நான் எத்தனாவது கங்கப்பன்?” என்று கேட்டார். தரப்பிரிவின் அனிதா, “மேகலாவுக்கு முதல் வரிசைன்னா எனக்கு ஏன் இல்ல? கஸ்டமரைப் பார்க்கறது நான்தானே,” என்றார். கிடங்குப் பிரிவும் சரக்கனுப்பும் பிரிவும் அவ்வாறே கேட்டன. பாதுகாப்புப் பிரிவின் சுரேந்தர் கேமராக்களுக்கு முதல் வரிசை கேட்டதோடு, வரம்பையும் எடுத்துவிடச் சொன்னார்.

“வரம்ப எடுத்தா ஆவாது சார். லைன் நின்னுடும்.”

“ஆடிட் முடியற வரைக்கும் சொல்ப அட்ஜஸ்ட் பண்ணப்பா. நான் உனக்கு அட்ஜஸ்ட் பண்ணலையா?” என்று கன்னடம் கலந்து சொல்லி, தாளை விரலால் தட்டினாராம். அந்த வரம்பும் போயிற்று.

ஐந்தாவது கையெழுத்து என்னுடையது. என் கணினியில் இயந்திர வரைபடங்கள் திறக்கத் தாமதமாகும். அது ஒன்றும் உயிர் போகிற காரியம் அன்று. ஆனால் மற்றவர்களெல்லாம் முதல் வரிசையில் இருக்கும்போது நான் மட்டும் மூன்றாவதில் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. “என் ரூமையும் பார்த்துக்கோ கங்கப்பா,” என்றேன். வரிசையின் விதியை எனக்கு அவர் விளக்கியிருந்தார். நான் அறியாமல் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ள இடமில்லை. “சரிங்க சார்,” என்று மட்டும் சொல்லி, கையெழுத்து காயும்வரை தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் விவரம் தெரியாமல் இதைச் செய்யவில்லை. மனைவி முனிலட்சுமியிடம் தம் திட்டத்தைச் சொல்லியிருக்கிறார்: நிரந்தர ஆணை கைக்கு வந்த மறுநாளே ஒவ்வோர் அறையாகச் சத்தமின்றிப் பழைய வரிசைக்கு இறக்கிவிடுவது. யாருக்கும் வேறுபாடு தெரியப் போவதில்லை. அதுவரை ஓடினால் போதும். ஏழாவது கையெழுத்து விழுந்தபோது தணிக்கைக்கு ஒன்பது நாள்களே இருந்தன. ஒன்பது நாளும் ஓடியது.

தணிக்கை நாளன்று சுரேந்தர், வந்தவர்கள் பார்த்து மெச்ச வேண்டும் என்று பதினாறு கேமராக்களையும் முழுத் துல்லியத்தில் வைத்து, வரவேற்பறையின் பெரிய திரையில் படம் ஓடவிட்டார். ஒவ்வொன்றும் நொடிக்கு எட்டு மெகாபிட். அனிதா மூன்று ஆண்டுச் சோதனைப் பதிவுகளைத் தணிக்கையாளருக்காகச் சர்வருக்கு நகலெடுக்கத் தொடங்கினார். திருமலை கூட்ட அறையில் தலைமையகத்துடன் காணொளியில் பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் முதல் வரிசை. காலை பதினொன்று பத்துக்கு ஆறாம் எண் கன் பூட்டிக்கொண்டது. ஐந்து நிமிடத்தில் பதினான்கும் பூட்டிக்கொண்டன. பாகங்களை நகர்த்தும் பெல்ட் நின்றது. வெளியூர்த் தணிக்கையாளர்கள் இருவர் அதன் அருகிலேயே நின்றிருந்தனர்.

கங்கப்பன் மடிக்கணினியுடன் பெட்டிக்கு ஓடினார். செய்ய வேண்டியது ஒரு நிமிட வேலை. கேமராக்களையும் ஓர் அறையையும் இறக்கினால் போதும். ஆனால் அந்த ஏழு இடங்களும் ஏழு கையெழுத்துகள். எவருடையதை இறக்குவது என்று அவராக முடிவு செய்யத் துணியவில்லை. தொலைபேசியை எடுத்து ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டார்.

“விசிட்டர் முன்னாடி படம் நின்னா என் மானம் போயிடும்ப்பா. வேற யாரையாச்சும் இறக்கு,” என்றார் சுரேந்தர்.

“ஆடிட்டர் என் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார். ஃபைல் பாதியில நின்னா என்ன சொல்றது?” என்றார் அனிதா.

“மேனேஜர் சார்கிட்ட கேளுங்க,” என்றார் மேகலா. மேலாளர் கைபேசியை அணைத்து வைத்திருந்தார். நேரில் ஓடிப் பார்த்தபோதும், அறைக் கதவுக்கு வெளியே நின்ற ஊழியர் உள்ளே விடவில்லை.

எனக்கும் அழைப்பு வந்தது. “மேனேஜரைக் கேட்காம எதையும் தொடாதே,” என்றேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் கடைப்பிடித்த நெறி அது. அதனால்தான் ஓய்வு பெறும்வரை என்மீது ஒரு விசாரணையும் வந்ததில்லை.

இருபத்திரண்டு நிமிடத்துக்குப் பிறகு திருமலையே வெளியே வந்தார். “யாரையாச்சும் இறக்கித் தொலைய்யா,” என்றார். நாற்பது நொடியில் பெல்ட் ஓடியது.

மூன்றாம் நாள் விசாரணை. அந்தச் சுவிட்ச் தன்னுள் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாள், நேரம், செய்தவர் பெயருடன் பதிந்து வைக்கும். திரையில் ஏழு வரிகள் தெரிந்தன. ஏழிலும் கங்கப்பனின் பெயர். எதிரே மேஜையைச் சுற்றி நாங்கள் எழுவரும் அமர்ந்திருந்தோம். கேள்வியை மேகலா கேட்டார்.

“யார் சொல்லி இதெல்லாம் மாத்தினீங்க கங்கப்பன்?”

அவர் சட்டைப்பையில் அந்தச் சிறு நோட்டு இருந்தது. எவர், எந்த நாளில், என்ன கேட்டார் என்பதை அதில் அவர் எழுதியிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் கை அதன் பக்கம் போகவே இல்லை. பெயர்களைச் சொன்னால் பிப்ரவரி பத்தாம் நாள் எவர் அவரைத் திரும்ப எடுப்பார்? நிரந்தரம் போனாலும் பதினொரு மாதமாவது மிஞ்சட்டும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

“நானேதாங்க மேடம் செஞ்சேன். நல்லா இருக்கும்னு நெனைச்சேன்.”

நாங்கள் எழுவரும் மேஜையைப் பார்த்தோம். எல்லாம் அவர் தாமாகச் செய்தது என்ற அறிக்கையில் எழுவரும் கையெழுத்திட்டோம்.

ஜனவரி பத்தாம் நாள் அவர் வழக்கம்போல் அனுப்பப்பட்டார். பிப்ரவரி பத்தாம் நாள் அழைப்பு வரவில்லை. வலையமைப்பைப் பெங்களூர் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தார்கள்; அவர்கள் அங்கிருந்தபடியே பார்த்துக்கொள்வார்களாம். முதல் வாரத்திலேயே கன்களை மட்டும் முதல் வரிசையில் வைத்து, அறைகளை மூன்றாவதுக்கும் கேமராக்களைக் கடைசிக்கும் இறக்கி, கேமராவுக்கு இரண்டு மெகாபிட் என்று வரம்பிட்டு, ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு அனுப்பினார்கள். கங்கப்பன் அமைத்திருந்ததிலிருந்து அதில் ஓர் எண்கூட மாறவில்லை. நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். பிரிவுத் தலைவர் எவரும் ஆட்சேபிக்கவில்லை.

ஓய்வு பெற்ற பின், மே மாதத்தில், அவர் திறமையைச் சான்றளித்து ஒரு கடிதம் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். நண்பகல் உணவுக்கு வீடு வந்திருந்தார். விரல்களில் முள் கீறிய தழும்புகள். கடிதத்தை நீட்டினேன். முனிலட்சுமிதான் அதை வாங்கிப் பார்த்தார்.

“இன்னொரு கையெழுத்தா சார்? ஏழு வாங்கினாரே, அதுல ஒரு வாயாச்சும் தொறந்துதா?”

“உடு முனி. சார் வெயில்ல வந்திருக்காரு. தண்ணி குடு.” கங்கப்பன் என் பக்கம் திரும்பினார். “தப்பா நெனைச்சுக்காதீங்க சார். சிப்காட்ல எந்த கம்பெனிக்குப் போனாலும் ஆள் எடுக்கறது அதே ரெண்டு ஏஜென்சிதான். என் ஆதார் நம்பரப் போட்டா, திரும்ப எடுக்க வேணாம்னு வருதாம். கிருஷ்ணகிரி பக்கமும் கேட்டுப் பாத்துட்டேன்.”

“நான் வேணும்னா திருமலைகிட்ட பேசட்டுமா?”

“நீங்க ரிடையர்டு ஆயிட்டீங்களே சார்.” அதில் குத்தல் இல்லை, உள்ளதைச் சொன்னார். பிறகு மெல்லச் சிரித்தார். “இங்க நான் பர்மனென்ட் சார். பன்னெண்டு மாசமும் வேலை இருக்குதுன்னு பூந்தோட்டத்து மொதலாளி சொல்லிட்டாரு.”

கைபேசி ஒலித்தது. மறுமுனையில் சென்னகிருஷ்ணனின் குரல் எனக்கே கேட்டது. “வரேங்க, வந்துட்டேங்க,” என்றபடி அவர் எழுந்தார். பாதிச் சோறு தட்டில் இருந்தது. என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, வெயிலில் பசுமைக்குடில்களின் பக்கம் நடந்தார். முனிலட்சுமி தட்டை மூடி வைத்தார். எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பேருந்து எந்த நேரத்தில் வரும் என்று சொன்னார். என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஓசூர்ப் பேருந்தில் மூக்குக்கண்ணாடியை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். கடிதம் உள்ளே இருந்தது. மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்திருந்தார்கள்.