கோட்டில் ஏறாத பதக்கம்

தையற்கடைக்கு வரும் பழைய சிப்பாய்களுக்குப் பதக்கங்களை வரிசையாகத் தைத்துக் கொடுப்பவள் அவள். வீரத்துக்குக் கிடைத்தது முதலில், நடு மார்பை ஒட்டி. பணியில் இருந்ததற்காகக் கிடைத்தவை அதற்குப் பிறகு. ஊருக்கெல்லாம் தைத்தவளின் வீட்டுக்காரர் கோட்டு மட்டும் மொட்டையாகத் தொங்கியது.

அவர் இராணுவ லாரி டிரைவராக இருந்தவர். குண்டு விழுந்துகொண்டிருந்த முகாமுக்குள் திரும்பிப் போய், கால் முறிந்து கிடந்த சமையல்காரரைத் தூக்கி வந்ததற்காக வீரப் பதக்கம் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் பல நாட்டுப் படைகளில் இதெல்லாம் அதிகாரிகளுக்குத்தான்; சிப்பாய்க்கு முதுகில் ஒரு தட்டு, அவ்வளவே. லாரி ஓட்டுகிறவருக்கும் உண்டு என்று ஆனபிறகு கிடைத்ததைப் பொத்தான் டப்பாவில் போடலாமா என்று அவள் சண்டை பிடிப்பாள். அவர் பிடிகொடுக்க மாட்டார். மறந்து வைத்த சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் போனேன், வழியில் ஆள் கிடந்தான், அதற்கெல்லாம் குத்திக்கொண்டு திரிந்தால் மானம் போகும் என்பார்.

மறுநாள் படைப்பிரிவின் ஒன்றுகூடல். ஆட்கள் குறைந்துவிட்டதால் அதுவே கடைசி. இந்த முறையாவது பதக்கம் கோட்டில் ஏற வேண்டும் என்பது அவள் வைராக்கியம்.

சாயங்காலம், கோட்டைப் பிரித்துத் தைக்கத் தொந்தியும் தொப்பையுமாக ஒருவர் நொண்டிக்கொண்டே வந்தார். அந்தச் சமையல்காரரேதான். டிரைவர் மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவள் மெல்லச் சாப்பாட்டு டப்பாக் கதையை எடுத்தாள். வந்தவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"டப்பாவா? அது லாரி சீட்டுக்குப் பின்னாலதானே இருந்துச்சு, அண்ணி. அண்ணன் என்னைத் தூக்கிப் போட்டதே அது பக்கத்துலதான். வலியை மறக்க ஏதாவது வேணுமே, வழியிலேயே தின்னு தீர்த்துட்டேன்."

டிரைவர் ஊசியைக் கீழே வைத்தார். "அடப்பாவி, நீதானா? இத்தனை வருஷமா நம்ம வண்டி மெக்கானிக்கை இல்ல திட்டிக்கிட்டிருக்கேன். வச்ச இடத்துலயே இருந்துச்சு, திறந்தா காலி."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அப்ப டப்பா வண்டியிலதான் இருக்குன்னு தெரிஞ்சேதான் திரும்பிப் போயிருக்கீங்க" என்றாள் அவள்.

அவர் கூரையைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார்.

"இவன் இல்லாட்டி ராத்திரிக்கு யாரு சமைக்கிறது?" என்று முனகினார். பிறகு தன் கோட்டை எடுத்து அவள் மேசைமேல் போட்டார். "தச்சுத் தொலை."

ஒன்றுகூடலில் பதக்கம் பொத்தானில் மோதிக் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. எதற்குக் கிடைத்தது என்று யாராவது கேட்டால் அவர் சமையல்காரரைக் காட்டினார்: "என் சோத்தைத் தின்னவன் அங்க நிக்கிறான், அவனைக் கேளுங்க."