பல்செட்காரர் போட்ட கம்பி

அவரைப் பல்செட்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில், ஜன்னலோரம் போட்ட நீள மேசையில் உட்கார்ந்து, இருபத்தாறு வருடமாக ஊராரின் வாய்க்குப் பல் செய்துகொண்டிருந்தார். மெழுகில் பதித்த பல்வரிசையில் ஒன்று மயிரிழை தூக்கலாக இருந்தாலும் அவர் கட்டைவிரல் கண்டுபிடித்துவிடும். "உறுத்தினா திருப்பி அனுப்புங்க டாக்டர்" என்று சொல்லித்தான் ஒவ்வொரு செட்டையும் கொடுத்தனுப்புவார். திரும்பி வருவது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ.

ஐம்பதாவது வயதில் அவர் ஒரு கார் வாங்கினார். முப்பத்தெட்டு வருடத்துப் பழைய கார். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, விளக்கைப் போட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து பார்க்கிற இரண்டு கண்கள். பள்ளியில் படிக்கும்போது கணக்கு நோட்டின் உள்ளட்டையில் ஒட்டி வைத்திருந்த படம் அது. விற்றவர் ஒரு மருந்துக்கடைக்காரர், தீராத முதுகுவலிக்காரர். "ஏறி உக்காந்துடலாம் சார், இறங்கத்தான் ரெண்டு ஆள் வேணும்" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

வாசலில் வந்து நின்ற காரை மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவளுக்குத் தபால் நிலையத்தில் வேலை. கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எதையும் எடை போட்டுப் பார்த்தே பழகியவள்.

"நம்மளவிட வயசு கம்மிதான். ஆனா நம்மளவிட அதிகமா இருமுதே" என்றாள்.

இருமல் மட்டுமா? தரைவிரிப்பைத் தூக்கினால் துரு. மழை பெய்தால் கதவு ரப்பர் வழியாக உள்ளே ஒரு குட்டிக்குளம். கார்புரேட்டர் காலையில் ஒரு குணம், மாலையில் ஒரு குணம். முதல் ஆறு மாதம் தெருமுனை ஷெட் மெக்கானிக்கிடம்தான் காட்டினார். பிறகு பழைய புத்தகக்கடையில் அந்தக் காரின் பழுதுபார்ப்புப் புத்தகம் கிடைத்தது. எண்ணெய்க் கறை படிந்த அதைப் பக்கம் பக்கமாகப் படித்தார். கார்புரேட்டரைப் பிரித்து, பல் வேலைக்கு வைத்திருந்த மெல்லிய தூரிகையால் துடைத்து, திரும்பப் பூட்டினார். கார் முதல் சாவிக்கே கிளம்பியது. அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பிறகு ஷெட் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மூடிக்கிடந்த ஒரு ஆலையின் முற்றத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடுவார்கள். பத்துப் பதினைந்து கார்கள், ஒரு டீ பிளாஸ்க், நிறைய பேச்சு. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர்; எல்லோரும் தலைவர் என்றே கூப்பிடுவார்கள். கையுறை போட்டுக்கொண்டு என்ஜினைத் தொடுகிறவர் என்பதால் பல்செட்காரருக்கு அங்கே "டாக்டர்" என்று பெயர் வந்துவிட்டது. "டாக்டர் எல்லாத்தையும் தானே பாத்துக்குவார், வெளியாள் கை படவிடமாட்டார்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார்கள். கேட்கக் கேட்க அவருக்கு உச்சி குளிரும்.

ஒரு ஞாயிறு மதியம் ஹேண்ட்பிரேக்கைச் சரிசெய்தார். லீவரிலிருந்து வரும் தண்டும் பின்சக்கரங்களுக்குப் போகும் கேபிளும் ஓரிடத்தில் ஒரு சின்ன ஊசியால் இணைந்திருக்கும். அந்த ஊசி நழுவாமல் இருக்க அதன் முனைத் துளையில் ஒரு ஸ்பிளிட் பின்னைச் செருகி இரு கால்களையும் மடக்கிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய பின்தான் போட வேண்டும் என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. பழையது கழற்றும்போதே ஒடிந்துபோனது. வீட்டிலிருந்த டப்பாவில் அந்த அளவில் இல்லை. உதிரிபாகக் கடைக்கு விடுமுறை. வேலைப் பையில் பல்செட்டைப் பக்கத்துப் பல்லோடு பிடித்து வைக்கும் கம்பி ஒரு சுருள் கிடந்தது. ஒரு துண்டு வெட்டிச் செருகி, இடுக்கியால் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் வளைத்து அழகாக முறுக்கிவிட்டார். வாயில் பத்து வருடம் தாங்குகிற கம்பி இங்கே ஒரு வாரம் தாங்காதா என்று நினைத்துக்கொண்டார்.

அந்த ஒரு வாரம் எட்டு மாதமாயிற்று. மறந்துவிட்டார் என்று சொன்னால் அது பொய். இரண்டு முறை நினைவு வந்தது. ஒரு முறை, முன்பம்பரைக் கண்ணாடிபோல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. இன்னொரு முறை, அதே கடையில் நின்று சீட்டுக்குப் புது உறை வாங்கியபோது. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காரின் அடியில் படுத்து யார் பார்க்கப்போகிறார்கள்?

அந்த வருடம்தான் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கிளைத் தபால் நிலையத்தின் பொறுப்பை அவளுக்குக் கொடுக்க மேலிடத்தில் நினைத்திருந்தார்கள். நேரத்துக்குப் போய்ச்சேர பஸ் கிடையாது. நாற்பத்தேழு வயதில், தன் பாதி வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, முதல் முறை தோற்று, இரண்டாம் முறை தேறி லைசென்ஸ் வாங்கினாள். வாங்கிய அன்று அதை மேசைமேல் வைத்து, தபால்தலையைப் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஞாயித்துக்கிழமை உங்க காரை நான் ஓட்டட்டுமாங்க?" என்று கேட்டாள்.

மனசில்லாமல்தான் ஒப்புக்கொண்டார். ஆனால் அவள் நன்றாகவே ஓட்டினாள். ஆலை முற்றத்தில் அன்று கீழே இடமில்லை. மேட்டுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"கியர்ல போட்டு விடட்டுமா? டிரைவிங் ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க."

"வேண்டாம், பழைய கியர்பாக்ஸ். ஹேண்ட்பிரேக்கை நல்லா இழு, போதும்."

அவள் இரண்டு கையாலும் இழுத்தாள்.

இறங்கிப்போய் டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ இவளிடம், "நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க? பெரிய ஆள்தான்!" என்று சொல்ல, அவள் முகம் மலர்ந்ததை அவரும் பார்த்தார். அப்போதுதான் ஒருவர் கத்தினார். கார் சத்தமே இல்லாமல் இறங்கி வந்துகொண்டிருந்தது. கீழே தலைவர் தன் காரின் முன்னால் குந்தியிருந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார், எழுந்தார், ஒதுங்கினார். ஒரு கால் மட்டும் ஒதுங்கவில்லை. இரண்டு பம்பருக்கும் நடுவில் அது மாட்டிய சத்தம், காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம்போலத்தான் இருந்தது.

காரைப் பின்னுக்குத் தள்ளி அவரைத் தூக்கி ஒரு வேனில் ஏற்றினார்கள். அதன்பிறகு எல்லோர் பார்வையும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

"ஹேண்ட்பிரேக் போட்டீங்களாம்மா?"

"போட்டேனே" என்றாள். பிறகு, "போட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்றாள்.

அந்த இடத்தில் பல்செட்காரர் சும்மாவாவது இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எட்டு மாதத்துக் கம்பி அந்த நொடியில் மின்னலாக நினைவுக்கு வந்தது. அது வந்ததால்தான் வாய் முந்திக்கொண்டது.

"புதுசா ஓட்டுறா. சரியா இழுத்திருக்க மாட்டா" என்றார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. தன் மேலேயே சந்தேகம்தான் இருந்தது. "ஆமா, என் தப்புதான்" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் காரின் அடியில் புகுந்து பார்த்தார். கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. ஊசியைக் காணோம். வளைத்த இடத்தில் முறிந்த கம்பியின் ஒரு துண்டு மட்டும் கிரீஸில் ஒட்டிக்கொண்டு பளபளத்தது. மறுநாள் புது ஊசியும் சரியான பின்னும் வாங்கிவந்து மாட்டினார். கம்பித் துண்டைத் தெருவோரச் சாக்கடையில் போட்டார். கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

தலைவர் படுக்கையில் கிடந்த நாலு மாதமும் மனைவி வாரம் தவறாமல் பழமும் சூப்பும் எடுத்துக்கொண்டு போனாள். இவரும் கூடப் போவார். அவள் கதவருகிலேயே தலை குனிந்து நிற்பாள். "விடும்மா, நடந்தது நடந்துபோச்சு. இனிமே வண்டிய மட்டும் தொடாத" என்பார் தலைவர். அவள் தலையாட்டுவாள். பக்கத்தில் நிற்கும் பல்செட்காரர் கூனிக் குறுகிப்போவார். ஊராருக்கெல்லாம் பேசவும் மெல்லவும் வாய் செய்து கொடுப்பவருக்குத் தன் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் ஏதோ காரணமாகத் தபால் நிலையத்துக்குப் போனார். கவுன்டரில் கூட்டமில்லை. மனைவி இவரைக் கவனிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, பக்கத்தில் ஒன்றுமில்லாத இடத்தில் இடக்கையை நீட்டி, விரல்களை மூடி, மெல்ல மேலே இழுத்தாள். பிறகு வலக்கையையும் சேர்த்து இழுத்துப் பார்த்தாள். தான் இழுத்தோமா இல்லையா என்று தன் கைகளையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வந்த வேலையை மறந்து அப்படியே திரும்பிவிட்டார்.

அப்போதும் சொல்லவில்லை. அடுத்த வாரம் காலை உணவின்போது அவளாகப் பேச்சை எடுத்தாள்.

"அந்தக் கிளைக்கு நான் வரலேன்னு எழுதிக் கொடுத்துட்டேங்க."

"ஏன்?"

"தினம் வண்டி ஓட்டணும். எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்ல. இன்னொருத்தர் காலையும் ஒடிச்சு வைக்கவா?"

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "நீ சரியாத்தான் இழுத்த" என்றார்.

"சும்மா சமாதானம் சொல்லாதீங்க."

"சமாதானம் இல்ல. உள்ள பின் போடுற இடத்துல நான் பல்செட் கம்பியப் போட்டு வெச்சிருந்தேன். அது முறிஞ்சுடுச்சு. அன்னிக்கே பாத்துட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. எந்தக் கம்பி, எங்கே, எப்போது போட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கவுன்டரில் தவறிய பார்சலைப் பற்றி விசாரிக்கிற அதே குரலில் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியாக, "அப்போ, நான் சரியா இழுத்திருக்க மாட்டேன்னு சொன்னீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

அவள் எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தாள். வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது திரும்பாமலே சொன்னாள்: "அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. இதையும் அத்தனை பேர் முன்னாடி சொல்லுங்க."

முதல் ஞாயிறு வந்தது. அவள் வரவில்லை. அவர் காரை எடுக்காமல் நடந்தே போனார். தலைவர் ஊன்றுகோலோடு முதல் தடவையாக வந்திருந்ததால் எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள். பல்செட்காரர் நடுவில் போய் நின்று, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நாலே வாக்கியம். இரண்டு தடவை தடுமாறினார். சொல்லி முடித்தபோது யார் முகத்திலும் ஈயாடவில்லை. பின்னாலிருந்து ஒருவர் மட்டும், "நம்ம டாக்டர் காருக்கே பல்லு கட்டிட்டாரு" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

தலைவர் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "கால் ஒடிஞ்சத நான் என்னிக்கோ விட்டுட்டேன், தம்பி. வண்டின்னா ஆயிரம் இருக்கும். என் சர்வீஸ்ல நானும் தப்பு பண்ணியிருக்கேன். ஆனா அந்தப் பொண்ணு நாலு மாசம் என் வீட்டு வாசல்ல தலை குனிஞ்சு நின்னுச்சே. நீ பக்கத்துலதானே நின்ன? உனக்கு எப்படிப்பா நிக்க முடிஞ்சுது?"

"நான் வீட்டுக்கு வந்து அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாயங்காலமே வந்தார். வாசலில் நின்றபடி அவளிடம் பேசிவிட்டுப் போனார். உள்ளே வரச்சொல்லி பல்செட்காரர் கூப்பிட்டது அவர் காதில் விழாததுபோலவே இருந்தது.

கிளைத் தபால் நிலையத்துக்கு அதற்குள் வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். அவள் மறுபடி மனுப்போட்டு, பதினான்கு மாதம் காத்திருந்து, இன்னும் தூரத்தில் உள்ள வேறொரு கிளையை வாங்கினாள். தானே விசாரித்து, யாரையும் கூட அழைத்துப் போகாமல், ஒரு சாதாரணச் சின்னக் கார் வாங்கிவந்து வாசலில் நிறுத்தினாள்.

வீட்டில் சண்டை இல்லை. பேச்சுக்குப் பேச்சு உண்டு, சிரிப்பும் உண்டு. பழைய காரை அவர் விற்கவும் இல்லை. விற்றுவிட்டால் தப்பித்ததுபோல் ஆகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. இப்போது எந்த வேலை செய்தாலும் முடித்தபிறகு ஷெட்டுக்குக் கொண்டுபோய், "ஒரு தடவை அடியில பாத்துடுங்க" என்கிறார். மெக்கானிக்கும் மறுபேச்சில்லாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு படுத்துப் பார்க்கிறார். கூட்டத்தில் அவரை யாரும் இப்போது டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. புதிதாக வந்த ஒருவர் காரைத் தடவி, "எல்லாம் நீங்களே பண்றதா சார்?" என்று கேட்டபோது அவர் டீ வாங்கப் போவதுபோல் நகர்ந்துவிட்டார்.

போன வாரம் காலையில் மனைவியின் கார் கிளம்பும்போது பின்சக்கரத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"பிரேக்குதான்னு நினைக்கிறேன். சாயங்காலம் கழட்டிப் பாத்துடட்டுமா?"

அவள் கண்ணாடியை இறக்கினாள். முகத்தில் கடுமை ஒன்றுமில்லை.

"வேண்டாங்க. மெக்கானிக் பாத்துக்குவார்" என்றாள்.

சரி என்று தலையாட்டிவிட்டு, கார் திரும்பி ரோட்டில் ஏறும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டைச் சாத்தினார். வேலைக்கு நேரமாகியிருந்தது.