பதினோரு மணிப் பாசிப்பயறு

சங்கச் செயலாளர் வேலை என்பது மற்றவர்களின் கோபத்தை எழுத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் சமாதானமாகி வீட்டுக்குப் போன பிறகும் தனியாக நின்று கோபப்பட்டுக்கொண்டிருக்கும் வேலை. கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அந்த ஆபீஸ்களின் வாசலில் நாற்பது வருடமாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். எங்கேயாவது ஒரு சங்கத்திலோ மன்றத்திலோ பொறுப்பை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, இறக்கி வைக்க இடம் தெரியாமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

நடந்த அநியாயங்களை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை மாறினால் முதலாளி நல்லவராகிவிடுவார். முதலாவது, பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்ட கொட்டகையில் பண்டல்களை அடுக்கினார்கள். இரண்டாவது, கை கழுவும் குழாய் நான்கில் இரண்டை அடைத்தார்கள். மூன்றாவது, மீதி இரண்டு குழாய்க்கும் வைத்துவந்த சோப்பை நிறுத்தினார்கள். நான்காவது, நாற்பது நிமிடச் சாப்பாட்டு நேரம் அரை மணி ஆனது. ஐந்தாவதாக, இவ்வளவும் செய்து முடித்துவிட்டு, ஆரோக்கியமாகச் சாப்பிடுவது எப்படி என்று எங்களுக்குச் சொல்லித்தர வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்தார்கள்.

சிறுதானியப் பிரசங்கம்

வந்த அம்மணிக்கு முப்பது வயதுதான் இருக்கும். நல்ல பெண், யாரோ எழுதிக் கொடுத்ததை நம்பிப் பேசுகிற நல்ல பெண். திரை கட்டிப் படம் காட்டினாள். தட்டில் பாதி காய்கறி இருக்க வேண்டுமாம். பிறகு கையைக் கோத்துக்கொண்டு, "குதிரைவாலி, சாமைன்னு எல்லாம் இருக்கு. யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் இடைசெவலைச் சுற்றியுள்ள கரிசல் காட்டு ஊர்க்காரர்கள். அவர்களைப் பெற்றவர்கள் குதிரைவாலி விதைத்து, அறுத்து, உரலில் குத்தித் தின்றவர்கள். அத்தனை பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள். தெரியும் என்று சொன்னால் கூட்டம் இன்னும் நீளும் என்ற பயம்.

முடிவில் சர்க்கரை எவ்வளவு கெடுதல் என்று கால் மணி நேரம் விளக்கினாள். கைதட்டினோம். வெளியே வரும்போது வருகைக்கு நன்றியாக ஆளுக்கு ஒரு பாக்கெட் கடலைமிட்டாயை நிர்வாகம் நீட்டியது. பெட்டிகளில் குச்சி அடைக்கும் வரிசையில் மூத்தவள் செண்பகவல்லி. அவள் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டே சொன்னாள்: "எங்கய்யா குதிரவாலிக் கஞ்சி குடிச்சதுக்கு, பட்டிக்காட்டான்னு சொன்னாவ. இப்பம் அதக் குடிக்காததுக்கும் நாங்கதான் பட்டிக்காடாம். எங்களுக்குன்னு ஒரு பட்டணம் எப்பந்தான் வருமோ!"

முப்பத்திரண்டு தடவை

மறுநாள் சுவரில் வண்ணத்தாள் ஒட்டினார்கள். 'உணவை அவசரமின்றி உண்போம். ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு முறை மெல்வோம்.' ஒட்டிய இடம் குழாயடி. சாப்பாட்டு மணி அடித்ததும் இரண்டு குழாய்க்கு முன்னால் நூறு பெண்கள் கையில் தீக்குச்சி மருந்துத் தூளோடு வரிசையில் நிற்கிற இடம். வாசிக்க அவகாசம் கிடைக்கும் என்றுதான் அங்கே ஒட்டினார்களோ என்னவோ.

செண்பகவல்லி ஒரு நாள் அப்படியே செய்து பார்த்தாளாம். முடிவை எனக்கு அறிக்கையாகக் கொடுத்தாள்: "எண்ணி மென்னேன் அண்ணாச்சி. அஞ்சாவது வாய்க்கு மணி அடிச்சிட்டான். மீதிச் சோத்த நாய்க்குப் போட்டேன். அது எண்ணாமத்தான் தின்னுது, நல்லாத்தான் இருக்கு."

மூடி போட்ட டப்பா

அதே வரிசையில் செண்பகவல்லிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் ராமலட்சுமி. வயது நாற்பத்தைந்து. சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு ஆறரை மணி வேனில் ஏறினால், மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. நடுவில் பதினோரு மணிக்கு ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை அவள் போர்மேனிடம் காட்டினாள். போர்மேன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மணி அடிக்குமுன் யாரும் சாப்பிடக் கூடாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் பதினொன்றே காலுக்கு அவள் உட்கார்ந்தபடியே சரிந்தாள். அடைத்து வைத்த பெட்டிகளெல்லாம் மேலே சரிந்து, முகம்கூடத் தெரியவில்லை. வாயில் சர்க்கரையைப் போட்டு எழுப்பினார்கள். அடுத்த நாளிலிருந்து மூடி போட்ட சின்ன டப்பாவில் அவித்த பாசிப்பயறு கொண்டுவந்தாள். பதினோரு மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று குழாயடிக்குப் போய், கையைக் கழுவி, நின்றபடியே நாலு வாய் தின்றுவிட்டு வருவாள். ஐந்து நிமிடம். ஆரோக்கிய உணவைப் பற்றி அந்த அம்மணி சொன்னதை ஆபீஸ் முழுக்கச் செய்துகாட்டிய ஒரே ஆள் அவள்தான். அதனால்தான் மாட்டிக்கொண்டாள். வேறு வேலை பார்த்துக்கொள்ளலாமே என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: "புதியம்புத்தூர்ல தையல் வேல இருக்குங்காவ அண்ணாச்சி. ஊசில நூல் கோக்க எனக்குக் கண்ணு தெரியலியே. குச்சி அடைக்க மட்டும் கண்ணு வேண்டாம், கையே பாத்துக்கிடும்."

தோழமை வாரம்

ஆரோக்கியம் முடிந்து தோழமை வந்தது. பணியிடத்தில் நட்பை வளர்க்க வேண்டுமாம். 'சிறந்த தோழி'யைத் தேர்ந்தெடுக்க ஒரு அட்டைப்பெட்டியில் துளை போட்டு வைத்தார்கள். நட்பு வளர வேண்டும் என்று பெட்டி வைத்த இதே நிர்வாகம்தான், முன்பு ஒரு வருடம், பேசிக்கொண்டே வேலை செய்கிறார்கள் என்று தோழிகளைப் பிரித்து உட்கார வைத்தது. அந்த வருடம் நாங்கள் வாசலில் நின்று கத்திய பிறகுதான் பழைய இடம் கிடைத்தது.

நட்பு அட்டைப்பெட்டிக்குள் இல்லை, வரிசையில் இருந்தது. ராமலட்சுமி பயறு தின்னப் போகும் ஐந்து நிமிடத்தில், அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்த பெண்கள் தாங்கள் அடைத்த பெட்டிகளில் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, அடைத்த பெட்டிகளை அடுக்கும் அவள் தட்டில் வைப்பார்கள். அவள் தட்டு மட்டும் குறைந்து தெரியக் கூடாது அல்லவா. எனக்கே இது தெரியாது. சொல்லக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளாமலேயே ஒருத்தியும் வெளியே சொல்லவில்லை. என் சங்கத்தில் ஒரு தீர்மானம்கூட இப்படி நிறைவேறியது கிடையாது.

தோழமை வாரத்தின் நான்காம் நாள் போர்மேன் அதைப் பார்த்துவிட்டார். வேலை நேரத்தில் சாப்பிட்டது ஒரு குற்றம், பிறர் அடைத்த பெட்டியைத் தன்னுடையதாகக் காட்டியது இன்னொரு குற்றம் என்று ராமலட்சுமியின் கையில் நோட்டீஸ் கொடுத்தார்கள். விசாரணை, குற்றம் உறுதியானால் வேலை நீக்கம். பெட்டி எடுத்து வைத்தது யார் யார் என்று போர்மேன் வரிசையைப் பார்த்து அதட்டியபோது செண்பகவல்லி எழுந்து நின்றாள். "சிறந்த தோழிக்கு ஓட்டுப் போடச் சொன்னியளே, எழுதத் தெரியாதவிய பெட்டிய வச்சி ஓட்டுப் போட்டோம். எண்ணிக்கிடுங்க."

எல்லோருக்கும் ஒரே விதி

விசாரணைக்கு நான் ராமலட்சுமியின் பக்கம் உட்கார்ந்தேன். சாட்சியாகச் செண்பகவல்லி. எதிரே மேனேஜரும் போர்மேனும். மேனேஜர் கெட்டிக்காரர், என்னை அவமானப்படுத்தும்போதுகூட அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். "எங்களுக்கு இரக்கம் இல்லாம இல்ல அண்ணாச்சி. ஆனா ஒருத்தருக்கு ஒரு நியாயம், இன்னொருத்தருக்கு ஒரு நியாயம்னு இருக்க முடியாதுல்லா?" என்றார். பழைய ஒப்பந்தத்தை எடுத்து விதியை வாசித்தார்: 'சாப்பாட்டு மணிக்கு முன்பு, எவரும், எக்காரணம் கொண்டும், உணவருந்தக் கூடாது. எவருக்கும் தனிச்சலுகை கிடையாது.'

எனக்கு ரத்தம் கொதித்தது. நோயாளி என்று ஒருத்தி உலகத்தில் இருப்பாள் என்றே நினைக்காமல் எழுதிய விதி இது, எழுதியவன் ஒரு நாளும் பசித்திருக்க மாட்டான், எந்த இரக்கமற்றவன் இதில் கையெழுத்துப் போட்டான் என்று மேஜையைத் தட்டினேன். பெயரை எல்லோர் முன்னிலும் வாசிக்கச் சொன்னேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த 'எக்காரணம் கொண்டும்' என் காதில் இடறியது. இந்த வட்டாரத்தில் அந்தச் சொல்லைப் போட்டுத் துண்டறிக்கை எழுதுகிற ஆள் ஒருவன்தான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இருந்த போர்மேன், தனக்கு வேண்டிய நான்கு பேரை மட்டும் பதினோரு மணிக்கு வடை, டீ சாப்பிட அனுப்புவார். மற்றவர்கள் அதைப் பார்த்தபடி குச்சி அடைக்க வேண்டும். அந்த அநியாயத்தை ஒழிக்கப் பதினேழு நாள் வெளியே நின்றோம். ஜெயித்தோம். ஜெயித்த விதியை நானே என் கையால் எழுதி, மாலை போட்டுக்கொண்டு ஊர்வலம் போனேன். மேனேஜர் பெயரை வாசிக்கவில்லை. தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கையெழுத்து தெளிவாத்தான் இருக்கு. நீங்களே பாத்துக்கிடுங்க, அண்ணாச்சி."

இரண்டு பக்கம்

முதலாளி பெருந்தன்மையாக ஒரு வழி சொல்லி அனுப்பினார். விதி தப்பு என்று அதை எழுதியவர் எழுத்தில் கொடுக்க வேண்டும். எல்லாப் பெண்களின் முன்னாலும் அதை வாசிக்க வேண்டும். அப்படியானால் விதியைத் திருத்துவார், நோட்டீசும் கிழிபடும். நாற்பது வருடத்தில் மன்னிப்புக் கடிதம் தரமாட்டேன் என்று சொல்லி இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனவன் நான். இது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன். அந்தக் காலத்துப் போர்மேனின் அயோக்கியத்தனம், முதலாளி வர்க்கத்தின் சூழ்ச்சி, விதி எழுதப்பட்ட வரலாற்றுச் சூழ்நிலை எல்லாம் சேர்ந்து இரண்டு பக்கம் வந்தது. நன்றாகவே வந்திருந்தது. ராமலட்சுமியும் செண்பகவல்லியும் வேனுக்காக வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். ராமலட்சுமி தூக்குவாளியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். செண்பகவல்லி சொன்னாள்: "நல்லாத்தான் எழுதிருக்கிய அண்ணாச்சி. இதுல எல்லாரும் இருக்காவ. நீங்க மட்டுந்தான் இல்ல."

சாட்சிகள் முன்னிலையில்

மறுநாள் காலை மூன்று வரி கொண்டுபோனேன். பெண்கள் எல்லோரையும் வேலைக் கூடத்தில் எழுந்து நிற்கச் சொல்லியிருந்தார்கள். முதலாளி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றார். வாசிக்கப் போர்மேன் தொண்டையைச் செருமிக்கொண்டு கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. யார் வாசிக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் போடவில்லையே. ராமலட்சுமியின் கையில் கொடுத்தேன். அவள் எட்டாம் வகுப்பு. தாளைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

"மணிக்கு முன்பு யாரும் சாப்பிடக் கூடாது என்ற விதியை எழுதியது நான். நோய் உள்ளவர்களை நினைத்துப் பார்க்காமல் எழுதினேன். அது தவறு, திருத்துங்கள்."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முதலாளி சிரித்தாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே இருந்த கையெழுத்தை அவள் இரண்டு தடவை மனதுக்குள் எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். பிறகு கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி உரக்க வாசித்தாள்: "அ. வெயிலுமுத்து." வாசித்துவிட்டுத் தாளை இறக்கி, சுற்றி நின்ற அத்தனை பேரையும் மறந்துபோய் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணாச்சி, ஒங்க பேரு வெயிலுமுத்தா? பதினாலு வருசமா ஒங்க பின்னால கோசம் போடுதேன், இன்னைக்கித்தான் தெரியுது!"

ராமலட்சுமி இப்போது பதினோரு மணிக்கு உட்கார்ந்தே பயறு தின்கிறாள். நாற்பது வருடத்தில் நான் எழுதிக் குவித்ததில் ஒருவர் கடைசி எழுத்து வரைக்கும் வாசித்தது அந்த மூன்று வரியைத்தான்.