வகுத்தல் கணக்கின் பின்பக்கம்

மண்ணெண்ணெயும் அச்சு மையும் கலந்த வாசனை முதலில் வரும், அதற்குப் பின்னால்தான் அப்பா படலையைத் திறப்பார். பகலில் பள்ளிக்கூட வாத்தியாரான அவர், யாழ்ப்பாணத்துச் சிறிய வாரப் பத்திரிகை ஒன்றில் புனைபெயரில் வியட்நாம் போருக்கு எதிராகக் கிழமைக்கொரு பத்தி எழுதினார். பிழை பார்ப்பதற்காக அச்சகத்தில் ஒரு பக்கம் மட்டும் அடித்துக் கொடுக்கும் தாளை, எங்கள் வீட்டில் ‘புரூப்’ என்போம், மை காயுமுன்னரே சைக்கிளில் கொண்டுவந்துவிடுவார். புனைபெயரின் இரகசியம் ஊர் முழுவதற்கும் தெரிந்திருந்தது.

“என்ன மாஸ்டர், இந்தக் கிழமையோடை அமெரிக்கன் வெளிக்கிட்டிடுவானோ?” என்பார் சந்திக் கடைக்காரர்.

“உங்கட கடைக்குச் சீனி வர முதல் போயிடுவான்,” என்பார் அப்பா.

சீனிக்கு மட்டுமல்ல, அப்போது பள்ளிக் கொப்பிக்கும் தட்டுப்பாடு. திருத்தி முடித்த புரூப்பின் வெற்றுப் பக்கம் எனக்கு வந்துசேரும். ஒரு பக்கத்தில் எரியும் கிராமங்கள், மறுபக்கத்தில் என் நெடும் வகுத்தல். “அப்பான்ர சண்டையைத் தூக்கி அங்காலை வை பிள்ளை, சோறு ஆறுது,” என்று அம்மா சொல்லும்போது, அவர் சொல்வது எந்தப் பக்கத்தை என்று எனக்குத் தெரியாது.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது ஒரு பத்தி அச்சேறவில்லை. நாளை எங்கள் பிள்ளைகளே துவக்கைத் தூக்கினால் அவர்களுக்கு என்ன சொல்லப்போகிறோம் என்று அதில் கேட்டிருந்தார். எழுத்துக் கோத்து, புரூப்பும் எடுத்த பிறகு, பத்திரிகை ஆசிரியர் வீடு தேடி வந்தார். “மாஸ்டர், வியட்நாமை எழுதுங்கோ. எங்கட வீட்டுக் கதையை விடுங்கோ.” கோத்த எழுத்து அன்றைக்கே கலைக்கப்பட்டது, கையெழுத்துப் பிரதி அச்சகத்துக் குப்பையில் போனது. மிஞ்சியது அந்த ஒற்றைத் தாள்.

அதைத்தான் மறுநாள் வகுப்புக்குக் கொண்டுபோனேன். மேற்பாதியின் முதுகில் என் கணக்கைச் செய்து, கீழ்ப்பாதியைக் கிழித்துப் பக்கத்தில் இருந்த புஷ்பாவுக்குக் கொடுத்தேன். அவளிடமும் தாள் இல்லை. பின்னேரம் அப்பா தேடினார். ஓடிப்போய்க் கேட்டபோது, “அதாலை அம்மா அடுப்பு மூட்டிப்போட்டா,” என்றாள் புஷ்பா. அப்பா அடிக்கவில்லை. “காரியமில்லை, திரும்ப எழுதுவம்,” என்றார். எழுதவில்லை.

பிறகு எங்கள் ஊருக்கே போர் வந்து, வீட்டில் எரியக்கூடியவையெல்லாம் எரிந்தன. என் கணக்குள்ள பதினொரு தாள்கள் தப்பியதற்குக் காரணம் அப்பாவின் அரசியல் அல்ல. அதற்கு முன்பே நான் ஜெர்மனிக்கு வெளிக்கிட்டபோது, “பிள்ளையின்ர படிப்பு” என்று அம்மா என் சான்றிதழ்களோடு சேர்த்துக் கட்டித் தந்ததுதான். வகுத்தல் தெரிந்தவளென்று நிரூபித்தால் அகதி விசா கிடைக்கும் என்று நம்பினாரோ என்னவோ.

இந்த ஆண்டு லைப்சிக் நகரில் ஓர் ஆவணக் காப்பகம் போர் எதிர்ப்புப் பத்திரிகைகளின் மூலப்பிரதிகளைச் சேர்க்கிறது என்று அறிந்து, பதினொரு தாள்களுக்கும் விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன். டுசல்டோர்ஃபில் முப்பது வருடம் அலுவலக மேசையில் இருந்து, குறையுள்ள விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே ஓய்வூதியம் எடுத்தவள் நான். ஏழாம் கேள்வி: ஆவணம் முழுமையானதா? ஆம், இல்லை, இரண்டு கட்டம். இல்லையென்றால் காரணம்; ஒரு வரி. நானே வடிவமைத்ததுபோல இருந்தது.

காப்பகத்தில் இருப்பது இங்கேயே பிறந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி. தொலைபேசியில் அந்த அச்சேறாத பத்தியின் மேற்பாதியை வாசித்துக் காட்டினேன்.

“அன்ரி, கேள்வியோடை நிக்குது. அப்பா என்ன பதில் எழுதினவர்? நீங்கள் வாசிக்கேல்லையா?”

“இல்லை மோனை. எனக்கு வெற்றுப் பக்கம்தான் வேண்டியிருந்தது.”

“அப்ப ‘இல்லை’யிலை புள்ளடி போடுங்கோ,” என்றாள்.

போட்டேன். காரணம்: கிழித்தது நான், கணக்குச் செய்ய.

தொலைக்காட்சியில் யாரோ எந்தப் பீரங்கியை யாருக்கு அனுப்பலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். உறையை ஒட்டுவதற்கு முன் அந்த அரைத்தாளை முகர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் இல்லை, மையும் இல்லை. என் அலுமாரியின் வாசம்தான். கேள்விக்குறிக்குக் கீழே தாள் கோணலாக முடிகிறது. திருப்பினால் என் கணக்கு. சரியாகத்தான் செய்திருக்கிறேன், மீதி ஏழு; சிவப்பு மையில் சரியும் போட்டிருக்கிறது.