கோபத்தை இறக்கிவைக்கும் ஊர்

எங்கள் வாசகர் குழுவில் போன மாதம் ஒரு போட்டி வைத்தார்கள். எங்குமே இல்லாத ஓர் உலகத்தைக் கற்பனை செய்து எழுத வேண்டும். நான் பனி மூடிய அரண்மனை ஒன்றைக் கட்டினேன். ஆமத்தூர் டீச்சரின் உலகத்தில் மழை பஸ் மாதிரி வரும், கை காட்டினால் நிற்கும். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

ஆனால் மனசில் தங்கியது திருத்தங்கல் செல்வியின் ஊர்தான். அங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு செம்புத் தகடு இருக்கும். அதைத் தொட்டுக் கோபத்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் வேலை பார்க்கும் பட்டாசு ஆலையில், பொறி பறந்து மருந்து பற்றிக்கொள்ளாமல் இருக்க, உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்க நாங்கள் தினமும் தொடுகிற அதே தகடு! எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று பொறாமையாகக்கூட இருந்தது. என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

நேற்றுக் காலை எங்கள் இருவருக்கும் சண்டை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தும் எனக்கு ஆறவில்லை. வீட்டு இரும்புக் கேட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"என்ன, அங்கனயே நின்னுட்ட?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"இருங்க, கோவத்த எறக்கிட்டு வாரேன்."

அவர் எழுந்து வெளியே வந்தார்.

"அப்ப நானும்ல தொடணும்" என்று சொல்லி, கேட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

செல்வியின் ஊரில் நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தோம்.